குரலுக்கு முகம் வந்த கதை

(பெங்களூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2018 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ‘ஹம்பிள் பொலிட்டீஷியன் நொகராஜ்’ என்ற கன்னடப் படம் வெளியானது. பெரிய நட்சத்திரம் யாரும் அதில் இல்லை. போஸ்டரில் கைகூப்பி நின்ற அரசியல்வாதியின் முகம் பலருக்குப் புதிது. குரல் மட்டும் பழசு. காலை நேரத்தில் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு காரிலோ ஆட்டோவிலோ எஃப்.எம். கேட்டவர்கள் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். குரலுக்குச் சொந்தக்காரர் தானிஷ் சேட், பெங்களூர்ப் பையன்.

தொலைக்காட்சியில், மேடையில், ரேடியோவில், இப்போது கைபேசியில், இரண்டு மூன்று நிமிட ஸ்கிட் போட்டுப் பெயர் வாங்கியவர்கள் சினிமாவுக்குப் போவது நமக்குப் புதிதல்ல. சென்னையில் அது கிட்டத்தட்ட ஒரு வழித்தடம். பெங்களூரில் அது அபூர்வம். அந்த வகையில் தானிஷ் சேட்டின் பயணம் கவனிக்க வேண்டியது. அவர் பெரிய நட்சத்திரமாகிவிட்டார் என்பதற்காக அல்ல, இன்னும் ஆகவில்லை. ஒரு ஸ்கிட் நடிகர் சினிமாவுக்குள் நுழையும்போது எங்கெங்கே இடிக்கிறது, எங்கே வழி திறக்கிறது என்பதை அவருடைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெளிவாகப் பிடிபடும். நண்பர்களே, இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ரேடியோ. ஃபீவர் 104 எஃப்.எம்.மில் ‘சுபாரி’ என்று ஒரு நிகழ்ச்சி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, வேறு யாராகவோ பேசி, அவரைக் குழப்பி, கோபப்படுத்தி, கடைசியில் உண்மையைச் சொல்வது. பிராங்க் கால் என்றால் எல்லோருக்கும் புரியும். அந்த அழைப்புகளில் பிறந்தவர்தான் நொகராஜ். தன்னைத் தானே எளிமையானவர் என்று சொல்லிக்கொள்ளும், எளிமை மருந்துக்கும் இல்லாத, உள்ளூர் அரசியல்வாதி. இன்னொருவர் அஸ்கர்; சிவாஜிநகர் வாடை வீசும் ஆள்.

இந்த வகை நகைச்சுவையில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்முனையில் இருப்பவர் நடிக்கச் சம்மதித்தவர் அல்ல. அவர் பதற்றம்தான் நம் சிரிப்பு. நாலு பிராங்க் கால் கேட்டால் ஐந்தாவதில் மனசு கொஞ்சம் நெருடும். ஆனால் நடிப்புப் பயிற்சி என்று பார்த்தால் இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது. மேடையில் பார்வையாளன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நம்ப வந்திருக்கிறான். போனை எடுப்பவர் நம்ப வரவில்லை, வேலையாக இருக்கிறார். பத்து வினாடிக்குள் ஒரு முழு மனிதன் அவர் காதுக்குள் நுழைய வேண்டும். இல்லையென்றால் வைத்துவிடுவார். மேக்கப், உடை, முகபாவம் எதுவும் கைகொடுக்காது. எந்த ஊர், எந்த மொழி வீட்டில் பேசுகிறான், எவ்வளவு படித்தவன், யாரிடம் பணிவான், யாரை அதட்டுவான் என்பதை உச்சரிப்பு ஒன்றே சொல்லியாக வேண்டும்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. பீட்டர் செல்லர்ஸ் 1948-இல் பி.பி.சி.யில் வாய்ப்புக் கிடைக்காமல் அலைந்தபோது, அங்கிருந்த தயாரிப்பாளர் ராய் ஸ்பியருக்குப் போன் செய்தார். அன்றைக்குப் புகழ்பெற்றிருந்த இரண்டு ரேடியோ நடிகர்களின் குரலில் பேசி, “செல்லர்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், பிரமாதம்” என்று தன்னைத் தானே சிபாரிசு செய்துகொண்டார். குட்டு வெளிப்பட்டது, வாய்ப்பும் கிடைத்தது. 1951-இல் தொடங்கிய ‘தி கூன் ஷோ’ ரேடியோ நிகழ்ச்சியில் அவர் எத்தனையோ பேராகப் பேசினார். அங்கிருந்து சினிமா. செல்லர்ஸை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும். இப்போதைக்கு அவர் ஒதுங்கி நிற்கட்டும்.

பெங்களூர் நகைச்சுவை ஏன் குரலில் பிறந்தது, சென்னை நகைச்சுவை ஏன் சினிமாவிலேயே பிறந்து சினிமாவுக்கே போனது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’ நினைவிருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு தமிழ்ப் படத்தை எடுத்து, துவைத்து, பிழிந்து காயப் போடுவார்கள். அது எடுபட்டதற்குக் காரணம், பார்க்கும் எல்லோருக்கும் அந்தப் படங்கள் மனப்பாடம். தமிழ்நாட்டில் ஒரு பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவான சொத்து எது என்றால் சினிமாதான். அதைக் கிண்டல் செய்தால் எல்லோருக்கும் புரியும்.

பெங்களூர் பஸ்ஸில் அந்தப் பொதுச்சொத்து இல்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கே கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஒருவர் ராஜ்குமார் படம் பார்த்து வளர்ந்திருப்பார், பக்கத்து சீட்டுக்காரர் சிரஞ்சீவி, அதற்கடுத்தவர் மோகன்லால், நம்மவர் ரஜினி. கேலி செய்ய எல்லோருக்கும் தெரிந்த ஒரு படம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த வேறொன்று உண்டு: அடுத்தவர் எப்படிப் பேசுகிறார் என்பது. ஆட்டோவில் ஏறி “கித்னா?” என்பதா, “எஷ்டு?” என்பதா, “எவ்வளவுண்ணா?” என்பதா என்று அரை வினாடியில் முடிவு செய்யும் திறமை இங்கே பிறந்து வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தானாக வந்துவிடுகிறது.

இதற்கு இருநூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் படையோடு சேர்ந்து தமிழ்ச் சிப்பாய்களும், வியாபாரிகளும், சமையல்காரர்களும், கொத்தனார்களும் வந்து குடியேறினார்கள். அல்சூரும் சிவாஜிநகரும் அவர்கள் வாழ்ந்த இடங்கள். அந்தப் பக்கம் பழைய நகரமான பேட்டையில் கன்னடமும் தெலுங்கும். இந்தப் பக்கம் தமிழும் உருதுவும் ஆங்கிலமும். 1949-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. நிர்வாகம் ஒன்றானாலும் பேச்சு ஒன்றாகவில்லை. சிவாஜிநகரில் தக்கனி உருது பேசுகிறவர் நாலு வாக்கியத்துக்குள் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் தொட்டுவிட்டு வருவார். அவர் அதைக் கலப்பு என்று நினைப்பதே இல்லை, அது அவர் பேச்சு. தானிஷ் சேட்டின் மூலதனம் இந்தக் காதுதான்.

ரேடியோவிலிருந்து அவர் முதலில் போன இடம் சினிமா அல்ல, கிரிக்கெட். ராயல் சேலஞ்சர்ஸ் அணியின் ‘ஆர்.சி.பி. இன்சைடர்’ வீடியோக்களில் மிஸ்டர் நாக்ஸ் என்ற பெயரில் வந்தார். பேட்டி எடுக்கத் தெரியாத பேட்டியாளர். விராட் கோலியிடமும் ஏபி டி வில்லியர்ஸிடமும் எந்தப் பத்திரிகையாளரும் கேட்கத் துணியாத அசட்டுக் கேள்விகளை முகத்தில் சலனமே இல்லாமல் கேட்பார். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்கள் பதில் தெரியாமல் விழிப்பார்கள்.

நாக்ஸ் வெற்றி பெற்றதற்கு ஒரு மறைமுகக் காரணம், அந்த அணி கோப்பையை வெல்லாததுதான் என்று தோன்றுகிறது. 2009, 2011, 2016 என மூன்று ஐ.பி.எல். இறுதிப் போட்டிகளில் தோல்வி. ஒவ்வொரு ஆண்டும் ‘ஈ சல கப் நம்தே’ (இந்த முறை கப் நமதே) என்று ரசிகர்கள் முழங்குவதும், ஒவ்வொரு ஆண்டும் கப் வேறு ஊருக்குப் போவதும் வாடிக்கையாக இருந்தது. ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணிக்குக் கோமாளி தேவைப்படுவதில்லை. தோற்கும் அணியின் ரசிகனுக்குத்தான் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத்தில் அந்தக் கோப்பை ஒருவழியாகக் கைக்கு வந்தது. பதினெட்டாவது ஐ.பி.எல். தொடர் அது.

இனி நொகராஜுக்கு வருவோம். படத்தை இயக்கியவர் சாத் கான். தயாரிப்பில் ரக்ஷித் ஷெட்டி, புஷ்கர் மல்லிகார்ஜுனையா, ஹேமந்த் ராவ் என்று அன்றைய புதிய அலைக் கன்னட சினிமாவின் முக்கியப் பெயர்கள். கதை சின்னது. கார்ப்பரேட்டர் நொகராஜுக்கு எம்.எல்.ஏ. ஆக ஆசை. எதிரே படித்த, நேர்மையான அருண் பாட்டீல். ரோஜர் நாராயண் நடித்தார். நொகராஜின் உதவியாளர் மஞ்சுநாத்தாக விஜய் செந்தூர். நொகராஜின் மனைவியாக சுமுகி சுரேஷ்.

அரசியல்வாதியைக் கேலி செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மாஸ்டர் ஹிரண்ணையா ‘லஞ்சாவதார’ நாடகத்தைப் பல பத்தாண்டுகள் கர்நாடகம் முழுக்கப் போட்டார். ஊருக்கு ஊர், அன்றைய செய்திக்கு ஏற்ப, மேடையிலேயே வசனத்தை மாற்றுவார். பதவியில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி வறுப்பார். 2019-இல் மறைந்தார். நம் பக்கம் சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968-இல் நாடகமாகவும் 1971-இல் படமாகவும் வந்தது. இருவருக்கும் ஒரு வசதி இருந்தது. அவர்கள் கோபம் எதன் மீது என்பது பார்வையாளனுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். துக்ளக் வேஷத்துக்குள்ளே இருந்து பேசுவது சோ. அதில் ஒளிவுமறைவு இல்லை.

நொகராஜுக்குள்ளே இருந்து யாரும் பேசுவதில்லை. அவர் முழுக்க முழுக்க நொகராஜ்தான். போனில் அது பலம். மூன்று நிமிடத்தில் வந்து, குட்டையைக் குழப்பிவிட்டுப் போய்விடுவார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அதுவே பாரமாகிறது. நொகராஜ் மாறமாட்டார், மாறினால் அவர் நொகராஜ் அல்ல. பேராசை, தற்பெருமை, கணநேரத்தில் பல்டி அடிக்கும் சாமர்த்தியம் எல்லாம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகின்றன. அதன் பிறகு சம்பவங்கள்தான் மாறுகின்றன, ஆள் மாறுவதில்லை. படத்தில் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் வயிறு குலுங்கும் காட்சிகள் உண்டு. சேர்த்துப் பார்க்கும்போது ஒரே நாளில் இருபது எபிசோட் கேட்ட களைப்பு வருகிறது.

இது தானிஷ் ஒருவரின் பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் பாத்திரங்கள் பலவற்றைப் படமாக்கினார்கள். ‘புளூஸ் பிரதர்ஸ்’ (1980), ‘வெய்ன்ஸ் வேர்ல்ட்’ (1992) ஓடின. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு பாத்திரத்தின் ஒற்றை ஜோக்கை இழுத்து ‘இட்ஸ் பாட்’ (1994) என்று எடுத்தார்கள், மண்ணைக் கவ்வியது. ஓடிய இரண்டிலும் இரண்டு நண்பர்கள் ஒன்றாக எங்கோ போகிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். தனியாக நிற்கும் பாத்திரத்துக்குப் பேச ஆளில்லை, எனவே போக வழியும் இல்லை.

நொகராஜுக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் நேர்ந்தது: நிஜம் அவரை முந்திவிட்டது. படம் வந்து நாலு மாதத்தில், 2018 மே மாதம், கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எடியூரப்பா 17-ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்று 19-ஆம் தேதி ராஜினாமா செய்தார். இடைப்பட்ட நாட்களில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களைப் பிடதி பக்கம் ஈகிள்டன் ரிசார்ட்டில் வைத்து, பிறகு பஸ் ஏற்றி ஐதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் எம்.எல்.ஏ.க்களின் இன்னொரு கூட்டம் மும்பை ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. எடியூரப்பாவுக்குப் பின் வந்த குமாரசாமி அரசு கவிழ்ந்தது. எந்த ஸ்கிட் எழுத்தாளர் இதை எழுதியிருந்தாலும் “கொஞ்சம் ஓவர்” என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

2022 ஜனவரியில் வூட் செலக்ட் தளத்தில் வந்த நொகராஜ் வெப் தொடர் இந்த ரிசார்ட் அரசியலைத்தான் எடுத்துக்கொண்டது. எம்.எல்.ஏ. நொகராஜ் முதல்வர் நாற்காலிக்கு அடிபோடுகிறார். எதிரே பிரகாஷ் பெலவாடி. படத்தைவிடத் தொடர் தேவலை என்பது இந்தப் பேச்சாளரின் கருத்து. காரணம் எளிது. எதிரில் சமபலம் உள்ள நடிகர் நின்றார். தவிர, எபிசோட் எபிசோடாக வருவது ரேடியோவுக்குப் பக்கத்துச் சொந்தம். இரண்டு சிரிப்புக்கு நடுவே பார்ப்பவருக்கு ஓய்வு கிடைக்கிறது. (இடையில் ஒரு செய்தி. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. நொகராஜ் முதலில் வகித்த கார்ப்பரேட்டர் பதவியில் நிஜத்தில் ஒருவர்கூட இல்லாமல் இந்த ஊர் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கடை அடைத்தால் திட்டுவதற்கும் ஆளில்லை.)

இதற்கு நடுவே கொரோனா. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. படப்பிடிப்பு இல்லை, மேடை இல்லை, ஐ.பி.எல். தள்ளிப்போய்விட்டது. தானிஷ் வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். ஒரே ஆள், பேசிக்கொள்பவர்கள் பலர். ராமமூர்த்தி என்ற கன்னடப் பெரியவர், ஜெயா என்ற வீட்டு வேலைக்காரப் பெண், எதற்கெடுத்தாலும் அங்கலாய்க்கும் வடநாட்டு அம்மாள், ‘ப்ரோ’ என்றே பேச்சைத் தொடங்கும் இளைஞன். வேஷம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிரதமர் நேற்று இரவு என்ன சொன்னார், சாராயக் கடை எப்போது திறக்கும், வேலைக்காரம்மா வரலாமா கூடாதா என்று அன்றைய தலைப்புச் செய்தி அப்படியே உரையாடலாகும். ஓர் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் பெங்களூர் முழுவதும் மாட்டிக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

அந்த வீடியோக்கள் பெங்களூருக்கு வெளியே அவரைக் கொண்டுபோயின. பிராங்க் காலில் இருந்த சங்கடம் இங்கே இல்லை. ஏமாறுபவர் யாரும் கிடையாது. எல்லாப் பக்கமும் அவரே. வேலைக்காரப் பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் ஆபத்து இருந்தது. ஆனால் ஊரடங்கில் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது வெளிச்சமானபோது, ஜெயாவின் பேச்சில் மேல்கை இருந்தது. எஜமானியம்மாளின் பாத்திரமும் துடைப்பமும் அவள் வருகைக்காகக் காத்திருந்தன.

அதே ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி ‘பிரெஞ்ச் பிரியாணி’ அமேசான் பிரைமில் நேரடியாக வந்தது. புனீத் ராஜ்குமாரின் பி.ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் தயாரிப்பு, பன்னக பரணா இயக்கம். தியேட்டருக்குப் போகாமல் நேரே ஓ.டி.டி.யில் வந்த முதல் கன்னடப் படங்களில் ஒன்று. அதற்கு ஒரு வாரம் முன்புதான் அதே நிறுவனத்தின் ‘லா’ வந்திருந்தது. கதைப்படி, பெங்களூருக்கு வரும் ஒரு பிரெஞ்சுக்காரர் சிவாஜிநகர் ஆட்டோ டிரைவர் அஸ்கரின் வண்டியில் ஏறுகிறார். பெட்டி மாறுகிறது, ரவுடிகள் துரத்துகிறார்கள், மூன்று நாளில் எல்லாம் நடந்து முடிகிறது. பிரெஞ்சுக்காரராக சால் யூசுஃப். ரங்காயண ரகு, திஷா மதன், நாகபூஷணா எனக் கூட்டம் பெரிது.

ரேடியோவில் நொகராஜோடு பிறந்த அதே அஸ்கர்தான். ஆனால் அவினாஷ் பலெக்களவின் எழுத்தில் அவருக்கு ஒரு வண்டி கிடைத்தது, தெரு கிடைத்தது, வீட்டில் தொல்லை கிடைத்தது. முக்கியமாக, அவர் நொகராஜ் போல எல்லோரையும் ஆட்டிவைப்பவர் அல்ல. அவரையும் ஊர் ஆட்டிவைக்கிறது. குரல் ஒரு தொழிலாளியின் அலுப்போடு சேர்ந்தபோது கேலிச்சித்திரம் கொஞ்சம் கரைந்தது. படத்தின் இரண்டாம் பாதி தொய்வுதான், நிறையப் பேர் நிறையத் திசையில் ஓடுகிறார்கள். என்றாலும் தானிஷ் படங்களில் பெங்களூர் பெங்களூராகத் தெரிவது இதில்தான். ஐ.டி. பார்க்கும் கப்பன் பார்க்கும் காட்டிவிட்டு ‘இதுதான் பெங்களூர்’ என்று முடித்துக்கொள்ளும் படங்களுக்கு நடுவே, சிவாஜிநகர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்காரவைத்தது பெரிய காரியம்.

2022 பிப்ரவரியில் வந்த ‘ஒன் கட் டூ கட்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசுப் பள்ளியில் கைவினை ஆசிரியராகச் சேரும் கோபி, முதல் நாளே பள்ளியில் பிணைக்கைதிப் பிரச்சினையில் மாட்டிக்கொள்கிறார். சில நிமிடங்களுக்கு வசீகரமாக இருக்கக்கூடிய ஓர் அப்பாவியை முழுப் படத்துக்கும் நீட்டியதில் அப்பாவித்தனமே தேய்ந்துபோனது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம். நாகேஷ், தாராபுரத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசிய குடும்பம், ரயில்வே குமாஸ்தா. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக ஒரு சிறு காட்சியில் வந்து துடித்துக் காட்டினார். அதைப் பார்த்த எம்.ஜி.ஆர். மேடையேறிப் பாராட்டினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அந்தக் காட்சியோடு நின்றிருந்தால் அவர் வயிற்றுவலி நாகேஷாகவே முடிந்திருப்பார். பாலசந்தர் அவருக்காக எழுதினார். நாடகமாக இருந்த ‘சர்வர் சுந்தரம்’ 1964-இல் படமானது. அடுத்த ஆண்டு ‘நீர்க்குமிழி’, 1968-இல் ‘எதிர்நீச்சல்’. நாகேஷின் உடல் எப்படியெல்லாம் வளையும் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த உடலுக்குச் சொந்தக்காரனுக்கு என்ன வலி என்று கேட்டவர் பாலசந்தர். அந்தத் தொடர்ச்சியில்தான் 1994-இல் வந்த ‘நம்மவர்’ படத்துக்காக நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது.

சந்தானம் வேறு வகை. லொள்ளு சபாவிலிருந்து 2004-இல் சிம்புவின் ‘மன்மதன்’ வழியாக வந்தார். அவர் ஆயுதம் பதிலடி. நாயகன் ஒன்று சொன்னால் அதைக் கவிழ்க்கும் ஒரு வரி. அது நாயகன் பக்கத்தில் இருக்கும்வரை மின்னியது. அவரே நாயகனான பிறகு கவிழ்க்க யாரைத் தேடுவது? ராம்பாலாவே இயக்கிய ‘தில்லுக்கு துட்டு’ (2016) பேய்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. கலாய்க்கப் பேய் கிடைத்ததும் படம் ஓடியது. ஸ்கிட்டின் சூத்திரத்தை விடாமல் சினிமாவில் நிலைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். சிவகார்த்திகேயன் நேர் எதிர். ‘கலக்கப்போவது யாரு’வில் மிமிக்ரி செய்து வந்தவர், 2012-இல் ‘மெரினா’வில் நடித்த பிறகு மிமிக்ரியை மெல்ல மெல்லக் கழற்றி வைத்தார். 2024-இல் ‘அமரன்’ படத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனாக நடித்தவரிடம் பழைய தொலைக்காட்சிப் பையனைத் தேடிப் பார்த்தாலும் அகப்படவில்லை.

நொகராஜோடு ஒப்பிட மிகவும் பொருத்தமானது யோகி பாபுவின் ‘மண்டேலா’. மடோன் அஸ்வின் இயக்கியது. 2021 ஏப்ரல் 4-ஆம் தேதி, தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, விஜய் தொலைக்காட்சியில் வந்தது. இதுவும் தேர்தல் கேலிதான். ஆனால் நகைச்சுவை நடிகர் வேட்பாளராக வரவில்லை, வாக்காளராக வந்தார். இரண்டு கோஷ்டியும் சமமாக நிற்கும் ஊரில், யாரும் மனிதனாக மதிக்காத ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை ஓட்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போகிறது. பெயர்கூட இல்லாதவனுக்குப் பெயர், பிறகு விலை, பிறகு மரியாதை பற்றிய யோசனை என்று ஒவ்வொன்றாக வருகிறது. முதல் காட்சியில் இருந்தவன் கடைசிக் காட்சியில் இல்லை. யோகி பாபு தன் வழக்கமான கவுன்ட்டர்களைப் பெரும்பாலும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நடித்தார். நொகராஜின் தொகுதியிலும் இப்படி ஒரு வாக்காளரைப் படத்தின் நடுவில் நிறுத்தியிருந்தால் என்னாகியிருக்கும் என்று தோன்றாமல் இல்லை.

நொகராஜின் மனைவியாக நடித்த சுமுகி சுரேஷ் பெங்களூரிலேயே வேறு வழி கண்டவர். இணையத்தில் ஸ்கிட்டுகள் செய்து வந்தவர், 2017 டிசம்பரில் அமேசான் பிரைமில் வந்த ‘புஷ்பவள்ளி’யைத் தானே உருவாக்கி, எழுதி நடித்தார். பிடித்துப்போன ஒருவனைத் துரத்திக்கொண்டு பெங்களூருக்கு வரும் பெண்; அவனுக்குத் தெரியாமல் அவன் வாழ்க்கைக்குள் பொய் மேல் பொய்யாகச் சொல்லி நுழைகிறாள். தமிழ் பேசும் குடும்பத்துப் பெண். அம்மாவோடு நடக்கும் வாக்குவாதங்கள் நம் வீட்டுக் கூடத்தில் கேட்பது போலவே இருக்கும். ஒரு ஸ்கிட்டில் சிரிப்பாக முடிந்திருக்கக்கூடிய அசட்டுத்தனம், எபிசோட் நகர நகர அச்சமூட்டுகிறது. அவள் செய்வதன் விளைவு அவளைத் துரத்த ஆரம்பிக்கிறது. நொகராஜுக்கு விளைவுகள் கிடையாது. இரண்டுக்கும் உள்ள தூரம் இதுதான்.

தானிஷ் இந்தத் தூரத்தை உணர்ந்தாரோ என்னவோ, 2022 முதல் அடுத்தவர் படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் தெரிய ஆரம்பித்தார். அந்த ஆண்டு ஜூனில் வந்த ரக்ஷித் ஷெட்டியின் ‘777 சார்லி’யில் கர்ஷண் ராயாக வருகிறார். நாயும் நாயகனும் போகும் நீண்ட பயணத்தில் குறுக்கிடும் ஒருவர். நாயை விட்டுப் பார்வையைத் திருப்ப யாராலும் முடியாத படத்தில் அடக்கமாக நடித்துவிட்டுப் போனார்.

2024 ஜனவரி 25-ஆம் தேதி வந்ததுதான் அவருடைய திரைப்பயணத்தில் பெரிய திருப்பம்: லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘மலைக்கோட்டை வாலிபன்’. மலையாளப் படம். மோகன்லால் ஊர் ஊராகப் போய் மல்லுக்கு நிற்கும் வீரன். காலமும் இடமும் சொல்லப்படாத ஒரு நாட்டுப்புறக் கதை உலகம். ராஜஸ்தான் மணல்வெளியில் எடுத்தார்கள். அதில் தானிஷ் ஏற்றது சமதகன் என்ற பாத்திரம். வாலிபனிடம் தோற்று, அவமானப்பட்டு, அந்த அவமானத்தைத் தின்று வளர்ந்து பழிவாங்கத் திரியும் வஞ்சகன்.

சமதகனுக்கு பெங்களூர் உச்சரிப்பு எதற்கும் உதவாது. ஐ.பி.எல். இல்லை, ஆட்டோ இல்லை, அபார்ட்மென்ட் இல்லை, அன்றைய செய்தி இல்லை. தானிஷ் கைக்குள் வைத்திருந்த எல்லாவற்றையும் இயக்குநர் பிடுங்கிக்கொண்டார். மிஞ்சியது என்ன? சிரிப்பு. ஆனால் அவர் நம்மைச் சிரிக்கவைக்கவில்லை. அவர் சிரிக்கிறார், நமக்குக் குலை நடுங்குகிறது. நொகராஜிடமும் இதே தன்மை இருந்தது: தன் தவறு எதுவும் தனக்கு உறைக்காத ஒரு மனிதன். அங்கே அது வேடிக்கை. இங்கே அதே விஷயம் விஷமாகியிருக்கிறது. ஒதுக்கி நிறுத்தி வைத்த பீட்டர் செல்லர்ஸை இப்போது கூப்பிடலாம். ஒரே படத்தில் மூன்று வேடம் போட்ட அந்த மனிதர், 1979-இல் ‘பீயிங் தேர்’ படத்தில் அத்தனை குரல்களையும் விட்டுவிட்டு, ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசும் ஒரு தோட்டக்காரராக நடித்தார். அவருடைய மிகச் சிறந்த நடிப்பு அதுவே என்று சொல்பவர்கள் பலர். செல்லர்ஸ் அங்கே போய்ச் சேர முப்பது வருடம் பிடித்தது.

மலைக்கோட்டை வாலிபன் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மோகன்லாலிடம் வேறு மாதிரியான மாஸ் படத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் முதல் நாளே முகம் சுளித்தார்கள். அதனால் சமதகன் பற்றிய பேச்சும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. தானிஷை மிஸ்டர் நாக்ஸாக மட்டுமே தெரிந்த பெங்களூர் ரசிகர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். நொகராஜ், அஸ்கர், கோபி என்று அவரே உருவாக்கிய அல்லது அவருக்காகவே தைத்த சட்டைகளில் கிடைக்காத ஒன்று, முற்றிலும் அந்நியரான ஓர் இயக்குநர் தைத்த சட்டையில் கிடைத்தது. கன்னடத்திலோ தமிழிலோ யாராவது அவரை அப்படி ஒரு வில்லனாக, அல்லது வில்லனும் அல்லாத, காமெடியனும் அல்லாத ஒரு சாதாரண சிவாஜிநகர் மனிதராக எழுத உட்கார்ந்தால், அதற்கான நடிகர் இந்த ஊரில் தயாராகத்தான் இருக்கிறார்.